உமியா, ஸ்டோபரா? நானோ சிலிக்காவுக்கு இரண்டு வழிகள்

சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், மணலில் இருப்பது. அதன் மிக நுண்ணிய துகள்தான் நானோ சிலிக்கா. அதை எடுக்க ஒரு வழி நெல் உமி. நூறு கிலோ நெல்லை அரைத்தால் இருபது கிலோ உமி. அதை எரித்தால் நாலு கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. டெல்டா பக்கத்துப் புழுங்கலரிசி ஆலைகளில் பாய்லருக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருப்பது இந்தச் சரக்குதான். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் தேய்த்தார்கள். இன்றைய பற்பசையிலும் சிலிக்காதான் தேய்க்கிறது.

இன்னொரு வழி, 1968-இல் வெர்னர் ஸ்டோபரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை. ஆல்கஹாலில் தண்ணீரும் அம்மோனியாவும் கலந்து, டிஇஓஎஸ் என்ற சிலிக்கான் சேர்மத்தை ஊற்றிக் கலக்கினால் போதும். தெளிந்திருந்த கரைசல் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெளுக்கும். துகள்கள் அத்தனையும் உருண்டை, ஏறக்குறைய ஒரே அளவு. மருந்து சுமக்கும் துகள் வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். உமியில் இந்த ஒழுங்கு சுலபத்தில் வராது.

ஆனால் அறை வெப்பநிலையில் நடக்கிறதே என்று இதைப் பசுமை முறை என்று சொல்லிவிட முடியாது. டிஇஓஎஸ் செய்யத் தேவையான சிலிக்கானை, குவார்ட்ஸைக் கரியோடு மின் உலையில் போட்டுக் கடும் வெப்பத்தில்தான் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

சரி, உமி மட்டும் சுத்தமா? அது எரிக்கும் பக்குவத்தைப் பொறுத்தது. உமியை முதலில் நீர்த்த அமிலத்தில் அலசிப் பொட்டாசியத்தை நீக்க வேண்டும். இல்லையென்றால் அது சிலிக்காவை இளக்கிக் கரியை உள்ளே சிறைப்படுத்தி, சாம்பல் கறுத்துப்போகும். அலசியதை 600–700 டிகிரியில் எரித்தால் வெள்ளைச் சாம்பல், அதாவது படிகமாகாத, உருவமற்ற சிலிக்கா. சூடு மிஞ்சினால் படிகமாகிவிடும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆலைச் சாம்பலைக் காரத்தில் கரைத்து அமிலத்தால் வீழ்படிவாக்கினால் உப்புத் தண்ணீர் மிஞ்சும். அதை வாய்க்காலில் விடுகிறவர் பசுமை என்று பேசக் கூடாது. இத்தனையும் சொன்ன பிறகும், டயர், கான்கிரீட் போன்ற டன் கணக்கு வேலைகளுக்கு என் ஓட்டு உமிக்கே. குட்இயர் டயரில் உமிச் சாம்பல் சிலிக்கா ஏற்கெனவே ஏறிவிட்டது.

அப்புறம் நானோ சிலிக்கான், அதாவது ஆக்சிஜன் நீங்கிய வெறும் சிலிக்கானின் நுண்துகள். உமிச் சிலிக்காவை மக்னீசியத்தோடு 650 டிகிரி வாக்கில் சூடாக்கினால் ஆக்சிஜனை மக்னீசியம் பறித்துக்கொள்ளும், சிலிக்கான் மிஞ்சும். உமியின் நுண்துளைகள் பெருமளவு அப்படியே தங்கும். இந்தச் சிலிக்கானை லித்தியம் பேட்டரியின் மின்முனையில் வைத்தால் அந்தத் துளைகள் பெரிய உதவி, ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பும், துளைகள் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் மக்னீசியம் தயாரிக்கவே ஏராளமான ஆற்றல் செலவாகிறது. அதனால் இதற்கு மட்டும் இப்போதைக்கு என் ஓட்டு இல்லை.