20 வாட் குட்டி குளூ கன்: ரெண்டு வருஷம் கிளிப் ஒட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

நான் செங்கோட்டை. வீட்டுல இருந்தே பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஹேர் கிளிப், போ (ரிப்பனை மடிச்சுப் பண்ற பூ முடிச்சு), ஹேர்பேண்டு, ஸ்க்ரஞ்சி (எலாஸ்டிக் வச்சுத் தைச்ச துணி ரப்பர்பேண்டு) எல்லாம் பண்ணி விக்கிறேன், ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு, நாலு வயசுல ஒரு பையன். கிளிப் வாங்க வர்றவங்க நிறைய பேரு, அதுலயும் தாங்களும் ஏதாவது பண்ணலாம்னு நினைக்கிற அம்மாக்கள், "எந்த குளூ கன் வாங்கலாம்க்கா"ன்னு கேக்குறாங்க, அதான் பசைக் குச்சியைச் சூடாக்கி உருக்கி ஒட்டுற துப்பாக்கி மாதிரி சாமான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடுறேன். சின்னப் பிள்ளைங்க உள்ள வீட்டுல கிளிப் வேலைக்கு 20 வாட், 7 மில்லிமீட்டர் குச்சி போடுற அந்தக் குட்டி கன் போதும், பெருசு வாங்காதீங்க. எல்லாரும் சொல்றதுக்கு இது நேர் எதிர்னு தெரியும், ஏன் சொல்றேன்னு கேளுங்க.

நானும் முதல்ல பெருசுதான் வாங்குனேன். 100 வாட், 11 மில்லிமீட்டர் குச்சி. வீடியோல பாத்தா எல்லாரும் அதைத்தான் வாங்கச் சொல்றாங்க, சீக்கிரம் சூடாகும் நிறைய வேலை நடக்கும்னு. சூடாச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா டிரிக்கரை அமுக்காமலே மூக்குல இருந்து பசை சொட்டிக்கிட்டே இருந்துச்சு, அதுவும் தண்ணி மாதிரி. சாட்டின் ரிப்பன்ல வச்சா அந்தப் பக்கம் ஊறி நனைஞ்ச மாதிரி கறை, அந்தக் கறை எதுக்கும் போகாது. முதல் வாரத்துல 20 போல போவை அப்படியே ஒதுக்கி வச்சேன். அதுல ஒருநாள் ஆள்காட்டி விரல்ல ஒரு சொட்டு விழுந்துருச்சு, வலில பட்டுன்னு பசையைப் பிச்சு இழுத்தேன், தோலும் சேந்து வந்துருச்சு. இதை மட்டும் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க, சூடு பசை தோல்ல பட்டா இழுக்கக்கூடாது, உடனே குழாயைத் திறந்து ஓடுற தண்ணில ஒரு இருபது நிமிஷம் கையை வச்சிருக்கணும், பசை இறுகித் தானா விடும், விடலன்னா டாக்டர்ட்ட போகணும். ஐஸ் வைக்கக்கூடாது, டூத்பேஸ்ட் தடவக்கூடாது. இருபது நிமிஷம்ங்கிறது ரொம்ப நேரமாத் தெரியும், ஆனா அதுதான் கணக்கு.

நிறைய பேரு வாட்டையும் சூட்டையும் குழப்பிக்கிறாங்க. வாட் ஜாஸ்தின்னா பசை சீக்கிரம் உருகும், விடாம ஒட்டிக்கிட்டே போகலாம். டிகிரி வேற விஷயம். கம்மி சூடு கன் கிட்டத்தட்ட 120 டிகிரி, அதிக சூடு கன் 190 டிகிரி வரைக்கும் போகும், அட்டைல போட்டிருந்தா பாத்து வாங்குங்க. கம்மி சூடுன்னாலும் சுடத்தான் செய்யும், பிள்ளைங்க கைல குடுக்குற சாமான் கிடையாது. ஆனா நம்ம வேலை என்ன, ஒரு போவுக்கு நடுவுல ஒரு சொட்டு, கிளிப்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான? அடுத்த ரிப்பனை மடிக்கிறதுக்குள்ள குட்டி கன் மறுபடி தயாராயிடும். மரச்சாமான் ஒட்டுறவங்களுக்கு வேணா பெருசு தேவைப்படலாம்.

இப்ப அந்தக் குட்டி கன்னோட பெரிய குறைன்னு எல்லாரும் சொல்றதுக்கு வரேன், சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும். ஆமா, ஆகும். எனக்கு அந்த அஞ்சு நிமிஷம்தான் இந்த கன்லயே ரொம்பப் பிடிச்சது. சாயங்காலம் பிள்ளைங்க பால் குடிச்சு முடிச்சதும் நான் சுவிட்சைப் போட்டு, கன்னை உயரமா மேஜை மேல ஒரு பழைய டைல்ஸ் துண்டுல வச்சுட்டு, கீழ பாய்ல வந்து உக்காந்துருவேன். சூடாகுற வரைக்கும் ஒரு கதை. ஆரம்பத்துல சும்மா அவங்களை கன் பக்கம் போகவிடாம இருக்கத்தான் இதைப் பண்ணேன், ஆனா ரெண்டே வாரத்துல பொண்ணு "அம்மா கன் போடு கன் போடு"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா, கதைக்காக.

என்ன வாசிக்கிறோம்னு கேட்டா, நேஷனல் புக் டிரஸ்ட்டோட பிள்ளைங்க புத்தகம் கொஞ்சம் வச்சிருக்கோம், விலை கம்மி, படம் நல்லாருக்கும். அப்புறம் பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர்ங்கிற கதைத் தளம், 2015ல ஆரம்பிச்சது, போன்லயே காசு இல்லாம வாசிக்கலாம், லெவல் ஒண்ணு ரெண்டுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, லெவல் ஒண்ணுல ஒரு பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரிதான், அஞ்சு நிமிஷத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. அதுல எங்க வீட்டுக்குன்னே ஒரு வசதி இருக்கு. எங்க அத்தைக்கு ஊரு கேரளாவுல ஆரியங்காவு, வீட்டுல பேசுறது தமிழ், ஆனா படிச்சதெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து கூட்டித்தான் வாசிப்பாங்க. அந்தத் தளத்துல ஒரே கதை தமிழ்லயும் இருக்கும் மலையாளத்துலயும் இருக்கும். ஒருநாள் நான் தமிழ்ல வாசிச்சு முடிச்சதும் அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து, "மோளே, அதை இங்க கொண்டா, ஆச்சியும் ஒண்ணு வாயிக்கிறேன்"னு அதே கதையை மலையாளத்துல வாசிச்சாங்க. பையன் ஆனைப் படத்தைப் பாத்துட்டு ரெண்டு பாஷைலயும் ஆனை ஆனைதான்னு சிரிச்சான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஊருதான, எங்க பக்கம் பாதி வீட்டுல ஒரு ஆளாவது இப்படி ரெண்டு பக்கத்துக்காரங்க இருப்பாங்க. ஆச்சி பேரப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுனது எங்க வீட்டுல அதுதான் முதல் தடவை, அவங்க அதுவரைக்கும் வாயாலதான் கதை சொல்லிருக்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, கன் சூடாகி எவ்வளவு நேரம் ஆச்சோ, நான் எந்திரிக்கவே இல்ல.

இப்ப பொண்ணு ரெண்டாங்கிளாஸ், தானே வாசிக்கிறா. நான் மேஜைல ஒட்டிக்கிட்டே இருப்பேன், அவ கீழ பாய்ல இருந்து சத்தமா வாசிப்பா, தட்டுற வார்த்தைல நான் திரும்பிப் பாக்காமலே சொல்லிக்குடுப்பேன். அதனால அஞ்சு நிமிஷம் இப்ப அரைமணி நேரமா ஆயிருக்கு.

சரி, பசைக்கு வருவோம். எந்த கன்னா இருந்தாலும் இந்தப் பசை வழவழப்பான இரும்புல ஒழுங்காப் பிடிக்காது. கிளிப்பு சில்லுன்னு இருக்கும், பசை பட்டதும் சூட்டை இழுத்துக்கும், பிடிக்கிறதுக்கு முன்னாடியே இறுகிடும். அதோட நம்ம பிள்ளைங்க தலைல தேங்காண்ணெய், ஒரு மாசத்துல எண்ணெய் உள்ள இறங்கி, போ தனியா கிளிப்பு தனியா வந்துரும். முதல்ல எனக்குத் திரும்பி வந்த சாமான்ல முக்காவாசி இப்படி வந்ததுதான். அதுக்கு நான் பண்றது, அலிகேட்டர் கிளிப்பு (முதலை வாய் மாதிரி திறக்குற இரும்புக் கிளிப்பு) மேல உப்புத்தாள் வச்சு லேசா தேச்சு, துடைச்சு, 10 மில்லிமீட்டர் ரிப்பனை மேலயும் கீழயும் சுத்தி முழுசா மூடிருவேன், அதுக்கு மேலதான் போவை ஒட்டுறது. துணியும் துணியும் ஒட்டுனா விடவே விடாது. முடியும் இரும்புல சிக்காது, சின்னப் பிள்ளைங்க கழட்டும்போது அழாது, இதுக்காகவே என்கிட்ட திரும்ப வர்றாங்க. போ நடுவுல பசையை மட்டும் நம்பாம ஊசி நூலால ரெண்டு குத்து போட்டுருங்க. மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு முத்து, கல் வச்சு ஒட்டவே மாட்டேன், எவ்வளவு கேட்டாலும் மாட்டேன், ஒண்ணு கழண்டு வாய்ல போனா என்ன ஆகுறது? வெயில்ல நிறுத்துன கார்ல கிளிப்பை வச்சுட்டுப் போனாலும் பசை இளகிரும், வாங்குறவங்கட்ட இதைச் சொல்லித்தான் குடுக்குறேன்.

சீசன் நேரத்துல இன்னொண்ணு. ஜூன் ஜூலைல குத்தாலத்துச் சாரல் காத்து எங்க வீட்டு ஜன்னல் வழியா நேரா வரும், அந்தக் காத்துல பசை வச்ச உடனே மேல ஆடை கட்டிரும், ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டிருக்காது. ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்திட்டுத்தான் உக்காரணும். எனக்கு வியாபாரமும் அப்பதான் ஜாஸ்தி. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்துருக்குன்னா கேரளாவுல இருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க ஃபோட்டோ எடுக்க, அதுக்குன்னே மஞ்சள் ஃபெல்ட்ல சூரியகாந்தி கிளிப் பண்றேன், ஒண்ணு 40 ரூபாய், பிள்ளைங்க தலைல வச்சு வயக்காட்டுல நிக்கும்போது பாக்கவே அவ்வளவு நல்லாருக்கும். அடுத்து ஓணம். கசவு துணில, அதான் ஜரிகைக் கரை வச்ச கேரளாத் துணி, போ கேப்பாங்க, கூடவே அம்மாவுக்கு அதே துணில ஸ்க்ரஞ்சி. சாட்டின் ரிப்பன் பாலியஸ்டர், நுனியை மெழுகுவத்தில காட்டுனா உருகி நூல் பிரியாம நிக்கும். கசவு பருத்தித் துணி, அதே மாதிரி தீல காட்டுனீங்கன்னா எரிஞ்சுரும், மடிச்சுத் தைக்கத்தான் வேணும். முதல் ஓணத்துக்கு நான் ஒரு முழத்தைக் கருக்கிட்டு அழுதேன்.

கன்ல உள்ள குறையையும் சொல்லணும். சுவிட்ச் கிடையாது, சொருகுனா ஓடும், அதனால சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாம பயன்படுத்தாதீங்க. கூட வர்ற கம்பி ஸ்டாண்டு ரொம்பக் குட்டி, லேசாத் தட்டுனா சாயும், நான் அதை எடுத்துட்டு ஒரு கனமான பீங்கான் கப்புல மூக்கைக் கீழ பாக்க வைக்கிறேன். வயர் நீளம் பத்தல. அகலமான ஹேர்பேண்டுக்கு நீளமா கோடு போடும்போது நடுவுல பசை தீந்து நிக்கும், காத்திருந்து போடணும். ஒட்டி முடிச்சதும் சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தொங்கும், ஹேர் டிரையர் ஒரு நிமிஷம் காட்டுனா சுருங்கிப் போயிரும். குச்சி வாங்குறதுல காசை மிச்சம் பிடிக்காதீங்க, நான் ஒருதடவ மலிவா கிடைக்குதேன்னு ஒரு கடைல ஒரு கிலோ வாங்கிட்டேன், மஞ்சளா இருந்துச்சு, இறுகுனப்புறம் வளைச்சா உடையுது. நல்ல குச்சி கலங்கலா வெள்ளையா இருக்கும், கையால வளைச்சா ரப்பர் மாதிரி வளையும்.

கரண்ட்டு பத்திப் பயப்பட வேண்டாம். 20 வாட் தினம் மூணு மணி நேரம் ஓட்டுனாலும் 0.06 யூனிட்தான், ரெண்டு மாசத்துக்கு நாலு யூனிட் கூட வராது, நமக்கு வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமாக் கிடைக்குது. கன் விலை எனக்கு 180 ரூபாய் ஆச்சு. முதல்ல வாங்குன குட்டி கன் ஒண்ணரை வருஷம் உழைச்சுது, அப்புறம் டிரிக்கர் பல்லு தேஞ்சு குச்சியைத் தள்ள மாட்டேன்னுருச்சு, அதே மாடலையே ரெண்டு வாங்கி ஒண்ணை எடுத்து வச்சிருக்கேன், ஓணம் ஆர்டர் கைல இருக்கும்போது கன் நின்னா என்ன பண்றதுன்னு. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன். சுவிட்ச் இருந்தா அஞ்சும் குடுத்திருப்பேன்.

பேட்டரில ஓடுற கன் எப்படின்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. வாங்கல, வாங்குற யோசனையும் இல்ல. என் வேலை மேஜை பக்கத்துலதான பாய் கிடக்கு, நான் எங்க தூக்கிட்டுப் போகப் போறேன்.