படகில் இரண்டாவது பேட்டரி: சுவிட்சா, டயோடா, ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

என்னுடைய 19 அடிப் படகு பழையது. வாங்கும்போது அதில் ஒரே ஒரு பேட்டரிதான் இருந்தது. டொரொன்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கூரம் போட்டுவிட்டு மதியம் வரை தூண்டில் போட்டோம். பாட்டு, ஃபிஷ் ஃபைண்டர், பிடித்த மீனைப் போட்டுவைக்கும் தொட்டியின் பம்ப், எல்லாமே அந்த ஒரு பேட்டரியில். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் பக்கமாக வந்த ஒரு படகுக்காரர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் போனார். அடுத்த வாரமே இரண்டாவது பேட்டரி வாங்கிவிட்டேன். இரண்டையும் எப்படி இணைப்பது என்று முடிவுசெய்யத்தான் ஒரு மாதம் ஆனது.

எஞ்சினைக் கிளப்ப ஒன்று, மற்றதற்கெல்லாம் இன்னொன்று என்பதுதான் ஏற்பாடு. இரண்டும் ஒரே ரகம் இல்லை. ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரியின் தகடுகள் தடிமனானவை. மெதுவாக எடுத்தால் பாதி வரை இறங்கினாலும் தாங்கும். சார்ஜ் ஆகும்போது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், செலவாகும்போது பிரிந்திருக்க வேண்டும். இதைச் செய்ய நான்கு வழி உண்டு. நான்கிலும் நான் பார்த்த வித்தியாசம், சேர்ப்பதையும் பிரிப்பதையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது என்பதுதான்.

முதல் வழியில் நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1, 2, இரண்டும், ஆஃப் என்று நான்கு நிலை உள்ள வட்டச் சுவிட்ச். விலை குறைவு, கெட்டுப்போக உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. ஓடும்போது ‘இரண்டும்’, நங்கூரம் போட்டதும் ‘2’. கேட்க எளிதுதான். ஆனால் மீன் கடிக்க ஆரம்பித்தால் சுவிட்ச் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ‘இரண்டும்’ நிலையிலேயே விட்டுவிட்டால் இரண்டு பேட்டரியும் ஜோடியாகக் காலியாகும். இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆஃப் நிலைக்குத் திருப்பினால், எஞ்சினோடு சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறி, அதன் டயோடுகள் கருகிவிடலாம். ஒருவரே ஓட்டும் படகு, அவரும் ஒழுங்கானவர் என்றால் இது போதும். என் படகை மச்சான் ஓட்டுவார், பையன் ஓட்டுவான். அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

டயோடு ஐசோலேட்டர் பழைய வழி. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுவதால் ஒரு பேட்டரி இன்னொன்றை உறிஞ்சாது. ஆனால் தாண்டும்போது 0.6 முதல் 0.7 வோல்ட் வரை போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.4 கொடுத்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.7 வோல்ட். பேட்டரி எப்போதும் அரைவயிறாகவே கிடந்து சீக்கிரம் கிழடாகிவிடும். டயோடுக்குப் பதில் மின்னணு சுவிட்ச் வைத்த, இந்த இழப்பு ஏறக்குறைய இல்லாத மாஸ்ஃபெட் வகையும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். புதிதாகப் பொருத்துபவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

விஎஸ்ஆர் என்பது வோல்டேஜைப் பார்த்துத் தானே வேலை செய்யும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். ஸ்டார்ட்டிங் பேட்டரி சார்ஜ் ஏறி சுமார் 13.7 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டையும் சேர்க்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு 12.8க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடும். (எண்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.) கூடவே ஆன், ஆஃப், அவசரத்துக்குச் சேர்க்கும் நிலை என மூன்றே நிலை உள்ள சுவிட்ச் ஒன்று இருந்தால், யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சினைக் கிளப்பும்போது ஃபிஷ் ஃபைண்டர் அணைந்து அணைந்து எரியாது, அதற்குத் தனி பேட்டரி இருக்கிறதே. குறை என்றால், இரண்டாவது பேட்டரி ரொம்பக் காலியாக இருந்து ஆல்டர்னேட்டரும் சின்னதாக இருந்தால், ரிலே சேர்வதும் பிரிவதுமாகச் சற்று நேரம் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். சில நொடி தாமதித்து முடிவெடுக்கும் மாடலாக வாங்கினால் இது குறையும்.

டிசி-டிசி சார்ஜரை நான் ஆரம்பத்தில் ஆடம்பரம் என்று ஒதுக்கினேன். லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்று யோசித்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே சுமார் 13.3 வோல்ட் காட்டும். விஎஸ்ஆரோ 12.8க்குக் கீழே இறங்கினால்தான் பிரிக்கும். எஞ்சின் நின்றது அதற்குத் தெரியாது. லித்தியம் கிட்டத்தட்ட காலியாகும் வரை இரண்டையும் ஒட்டியே வைத்திருக்கும். போதாததற்கு லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பேர்வழி. சின்ன ஆல்டர்னேட்டர் கொதித்துவிடும். டிசி-டிசி சார்ஜர் நடுவில் நின்று, அளவாக எடுத்து, அந்த பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜில் கொடுக்கும். 18 ஆம்பியர், 30 ஆம்பியர் என்று கிடைக்கிறது. உங்கள் அவுட்போர்டு எஞ்சின் மொத்தமே 20 ஆம்பியர்தான் தரும் என்றால் 30 வாங்கிப் பயனில்லை. இந்த ஊர்க் குளிருக்கு இன்னொன்று: லித்தியத்தைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியை முழுதாக வடியவிட்டு வெளியே வைத்தால் உறைந்து பெட்டியே பிளந்துவிடலாம். எதுவானாலும் குளிர்காலத்துக்கு முன் சார்ஜ் ஏற்றிக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்புக்கு சுவிட்சைத் தாண்டி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியிலிருந்து லைன் கொடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அது ஓட வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அமெரிக்கப் படகுத் தரவிதி பொதுவாகக் கேட்பது 7 அங்குலத்துக்குள். வயர் வெள்ளீயம் பூசிய தாமிரமாக இருந்தால் சீக்கிரம் அரிக்காது.

நான் விஎஸ்ஆர்தான் பொருத்தினேன், லெட்-ஆசிட் பேட்டரிகளோடு. பொருத்திய பிறகு இரண்டு வாரம் இரண்டாவது பேட்டரியில் சார்ஜே ஏறவில்லை. ரிலே கெட்டது என்று நினைத்துக் கழற்றி, கடைக்கு எடுத்துப்போகப் பையிலும் போட்டுவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவையும் சேர்க்க மறந்திருக்கிறேன்.