குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் எங்கள் வீடு. பழைய குளியலறையை உடைத்துப் புதுப்பித்தபோது ஷவர் பகுதிக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டோம். சில வருடங்களாகத் தினமும் புழங்குகிறோம். இப்போது சொந்தக்காரர்கள் யார் வீடு கட்டினாலும் ‘கண்ணாடி எப்படி இருக்கிறது?’ என்றுதான் கேட்கிறார்கள். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது அதைத் தாங்கும் சுவரையும், கீழே உள்ள வாட்டத்தையும், மேலே விழும் தண்ணீரையும்.

எங்களுக்கு இது வேண்டியிருந்ததற்குக் காரணம் சாரல். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை துணி காயாது, குளியலறைத் தரையும் காயாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்து போகிறவர் ஈரத்தில் கால் வைக்கக் கூடாது. அறை ஐந்தடிக்கு எட்டடி. கடைசி மூன்றடியைக் குளிக்க ஒதுக்கி, குறுக்கே ஐந்தடி அகலத்துக்குக் கண்ணாடி: ஒரு பக்கம் நிலையான பலகை, மறுபக்கம் கதவு. மூன்றுக்கு மூன்றடி மூலையை மட்டும் தடுக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். நின்று குளிக்க அது போதும். ஆனால் நம் வீடுகளில் வாளி இருக்கும், முக்காலி இருக்கும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கும். உட்கார்ந்து தலைக்குச் சீயக்காய் தேய்க்கிறவருக்கு முழங்கை இடிக்காத இடம் வேண்டும். இடம் இருந்தால் ஐந்தடி அகலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். இதற்குப் போடும் டஃபன்டு (கடினப்படுத்திய) கண்ணாடியை வெட்டி, துளை போட்டு, விளிம்பு தேய்த்த பிறகே உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு நூல் அளவுகூட வெட்ட முடியாது, வெட்டினால் மொத்தமும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கொத்தனார் டைல்ஸ் வேலை முடிந்ததும் மேலே ஒரு ஆணி அடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேலே நூலுக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைந்தது, கீழே குண்டு சுவரை உரசியது. “அண்ணாச்சி, சுவர் சாயுது. கண்ணாடிக்காரர்கிட்ட மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளவெடுக்கச் சொல்லுங்க” என்றார். அப்படியே எடுத்தார்கள். அந்தச் சாய்வுக்கு ஏற்ப நிலையான பலகையின் ஓரம் சரிவாக வெட்டி வந்தது. இன்று பார்த்தால் மேலிருந்து கீழ் வரை இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் பசை ஒரே சீரான கோடாக இருக்கிறது. தூக்குக்குண்டு பார்க்காமல் நேராக வெட்டிய கண்ணாடியில் ஒரு முனை ஒட்டியும் மறுமுனை விரல் பருமன் சிலிக்கானோடும் நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக் கறுப்பு முதலில் பிடிப்பது அந்தத் தடித்த இடத்தில்தான்.

தண்ணீர் ஓடத் தரையின் வாட்டத்தை மூன்றடிக்கு அரை அங்குலம் வைத்து, தண்ணீர் போகும் ஜாலியைப் பின் சுவரோரம் தள்ளிப் போட்டோம். கதவு நிற்கும் கோட்டில் மட்டும் வாட்டம் கூடாது. அந்தக் கோடு ரசமட்டத்துக்குச் சரியாக இருந்தால்தான் கதவுக்கு அடியில் இடைவெளி ஒரே மாதிரி இருக்கும். அங்கே ஒரு அங்குல உயரத்துக்கு கிரானைட் பட்டை பதித்து, அதன் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சரித்து, விளிம்பை மழுக்கச் சொன்னேன். அம்மா கால் தடுக்காமல் போய்வருகிறார், தண்ணீரும் வெளியே வருவதில்லை. இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவது வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 70 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவு 8 எம்.எம். கண்ணாடியில் 28 கிலோ, 10 எம்.எம். என்றால் 35 கிலோ. இரண்டே கீல்கள்தான் அத்தனையையும் தாங்குகின்றன. எங்களுடையது செங்கல் சுவர், அதனால் ஆணி நன்றாகப் பிடித்தது. புனலூரில் மச்சினர் வீடு வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர். போட்ட ஒரு வருடத்துக்குள் அங்கே மேல் கீல் ஆட ஆரம்பித்து, கதவின் கீழ் முனை பட்டையில் உரசியது. வெட்டுக்கல்லில் துளை போட்டால் உள்ளே பொடியாக உதிரும். பிறகு துளையைப் பெரிதாக்கி, தூசியை ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கர் என்ற, இறுகிப் பிடிக்கும் பசையை ஊற்றி மறுபடி மாட்டினார்கள். இப்போது அசைவில்லை. கேரளப் பக்கம் வெட்டுக்கல்லிலோ, எங்கேயானாலும் ஹாலோ பிளாக்கிலோ கட்டுகிறவர்கள் கீல் வரும் இடத்தை மட்டும் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டினால் இந்த வேலை மிச்சம். 10 எம்.எம். கண்ணாடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கீலில் போடுங்கள் என்பேன். வீட்டுக் கதவுக்கு 8 எம்.எம். போதும், கீல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ நல்ல பித்தளையாகவோ இருக்க வேண்டும். பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் 202 ரகம் இந்த ஈரத்துக்குத் துருப்பிடித்துவிடும்.

கதவு வெளியே திறக்கும்படி இருக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். எங்களுடையது இரண்டு பக்கமும் திறக்கும். தினமும் உள்பக்கம் திறப்போம், கதவில் வழியும் தண்ணீர் உள்ளேயே சொட்டட்டும் என்று. அம்மாவுக்கான கைப்பிடியைச் சுவரில் பதித்திருக்கிறோம். கண்ணாடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்க அவரை விடுவதில்லை.

இனி தண்ணீர். எங்களுக்கு போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். கண்ணாடியில் துளி காய்ந்தால் தண்ணீர் போய்ச் சுண்ணாம்பு நின்றுவிடும். கட்டிச் சோப்பின் கொழுப்பு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படலமாகும். சோப்புக்குப் பதில் ஷவர் ஜெல் பயன்படுத்தினால் இந்தப் படலம் நன்றாகவே குறைகிறது. எங்கள் வீட்டில் கடைசியாகக் குளிக்கிறவர் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டு வர வேண்டும். அதுவே பாதி வேலை. மீதிக்கு வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் தேய்த்து, சில நிமிடத்தில் கழுவிவிடுவேன். டாய்லெட் கழுவும் ஆசிட்டை இங்கே கொண்டுவரவே கூடாது. கீலின் குரோம் பூச்சு உரிந்துபோகும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் கறை கண்ணாடியிலேயே ஊறி, எதற்கும் போகாது. எண்ணெய்க் குளியல் அன்று மட்டும் சீயக்காய்த் தூள் கதவடி ரப்பரில் போய்த் தங்கும், அன்றே கழுவிவிட வேண்டும்.

முதலில் தேய்ந்தது அந்த ரப்பர் பட்டைதான். தெளிவாக இருந்தது மஞ்சளாகி, விறைத்து, முனையில் வெடித்தது. கண்ணாடியின் தடிமனைச் சொல்லி வாங்கி, நாமே அழுத்தி மாட்டிவிடலாம். சிலிக்கான் கதை வேறு. முதல் சாரலிலேயே மூலைகளில் கரும்புள்ளி விழுந்தது. கண்ணாடி மாட்ட வந்தவர் சாதாரண சிலிக்கானைப் பூசியிருந்தார். பிளேடால் வழித்தெடுத்து, பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கான் பூசி, ஒரு நாள் முழுக்க ஈரம் படாமல் வைத்தோம். அடுத்தடுத்த சாரல்களில் புள்ளி வரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்தபின்னும் அரைமணி நேரம் ஓடவிடுவதும் உதவுகிறது.

வெடிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். டஃபன்டு கண்ணாடியின் முகம் அடி தாங்கும், விளிம்புதான் பலவீனம். எவர்சில்வர் வாளியின் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் இடித்தால் போதும், அதனால் எங்கள் ஷவருக்குள் பிளாஸ்டிக் வாளி மட்டும். கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்து, தொடாமலே நொறுங்குவதும் அபூர்வமாக உண்டு. ஹீட் சோக் செய்த, அதாவது ஆலையிலேயே மறுபடி சூடாக்கிச் சோதித்த கண்ணாடி கேட்டு வாங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் குறையும். மூலையில் அழியாத முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் வெளிப்பக்கம் தெளிவான ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள், நொறுங்கினாலும் துண்டுகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டி நிற்கும்.