பில் புளியரை தாண்டுகிறதா? காம்போசிஷனும் ரெகுலரும்

செங்கோட்டையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மார்ச் பிறந்துவிட்டால் அண்ணாச்சிமார் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “காம்போசிஷன்லயே இருந்துறவா, ரெகுலருக்கு மாறிறவா?” ஜிஎஸ்டி கட்ட இருக்கும் இரண்டு வழிகள் இவை: விற்பனையில் ஒரு சிறு விகிதம் மட்டும் கட்டுவது காம்போசிஷன், வழக்கமான முழு வரிமுறை ரெகுலர். மதுரைக் கடை என்றால் லாபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். இங்கே புளியரையைத் தாண்டினால் கேரளா. அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “உங்க சரக்கு மலைக்கு அந்தப் பக்கம் போகுதா?” என்றுதான்.

காம்போசிஷனின் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் சேரலாம். வாங்கி விற்பவருக்கு விற்பனையில் 1%தான் வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்து வரும் 18-ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற படிவம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன். அவ்வளவுதான் வேலை. பதிலுக்கு இரண்டை இழக்கிறோம்: வாங்கும்போது கட்டிய வரியை இன்புட்டாக எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது; வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லில் 5% எழுதி வாங்கிக்கொண்டு 1% கட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வாங்குகிறவரை ஏமாற்றுவது அது.

லாபக் கணக்கும் இப்போது மாறிவிட்டது, பலர் இதைக் கவனிக்கவே இல்லை. வரி நீங்கலாக 100 ரூபாய்க்கு வாங்கி 120-க்கு விற்கும் ஒரு எவர்சில்வர் சருவத்தை எடுத்துக்கொள்வோம். வரி 12% இருந்தபோது அடக்கம் 112, வாடிக்கையாளர் கொடுப்பது 134.40. ரெகுலர் கடைக்கு நிற்பது 20 ரூபாய். காம்போசிஷன் கடை அதே விலைக்கு விற்று 1% கட்டினால் 21.06 நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரத்துக்கு வரி 5%. இப்போது அடக்கம் 105, விற்பது 126, கட்டுவது 1.26, நிற்பது 19.74. ரெகுலர் கடைக்கு அதே 20. ஆக, பாத்திரத்தில் காம்போசிஷனால் வந்த ஆதாயம் போயே போய்விட்டது. மிக்சி போல 18% பொருளில் மட்டும் இன்னும் 22.18 நிற்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் எல்லை. காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்தில் சரக்கு வாங்கலாம், வேறு மாநிலத்துக்கு விற்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கேரளாவின் புனலூரில் மெஸ் நடத்துகிறவர் வந்து அண்டா, தாம்பாளம் என்று 38,000 ரூபாய்க்கு எடுத்துவிட்டு, “பில்லுல என் நம்பர் வேணும் கேட்டோ” என்றார். அண்ணாச்சி அந்த ஜிஎஸ்டி நம்பரை அப்படியே எழுதி லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். நம்பர் தொடங்குவது கேரளாவின் 32-இல், நம்முடைய தமிழ்நாட்டுக்கு 33. ஆரியங்காவு தாண்டி வண்டியை நிறுத்திய அதிகாரிகளுக்கு அந்த இரண்டு இலக்கமே போதுமானதாக இருந்தது.

“50,000-க்குள்ளதானே தம்பி, இ-வே பில்லே வேண்டாமே?” என்று அண்ணாச்சி என்னிடம் வந்து உட்கார்ந்தார். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டுதான் இ-வே பில். அது வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அந்த விதி வெளிமாநில விற்பனையை உள்ளூர் விற்பனை ஆக்கிவிடாது. அந்த நாளிலிருந்து காம்போசிஷன் தகுதி போயிற்று. அதன்பின் விற்ற எல்லாவற்றுக்கும் முழு வரி, மேலே அபராதம். வாடிக்கையாளர்களிடம் வாங்காத வரியைக் கையிலிருந்து கட்டிய மனிதரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பதிவே வேண்டாம் என்று நினைப்பவருக்கும் இதே கண்ணி உண்டு. சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது உள்ளூர் விற்பனைக்குத்தான். வரி உள்ள சரக்கை அந்தப் பக்கம் விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். காய்கறி மாதிரி வரியே இல்லாதவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

ரெகுலரில் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம், வெளிமாநில விற்பனைக்கு உரிய ஐஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தால் போதும். கல்லாவில் நிற்கும் பையனுக்கு மட்டும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத வாடிக்கையாளருக்கு, பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அந்த மாநில விற்பனையாகத்தான் கணக்கு. 2023 அக்டோபர் முதல் இதுதான் விதி. ‘கேரளா’ என்று மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே அர்த்தம். கல்யாணச் சீருக்கு 50,000-க்கோ அதற்கு மேலோ வாங்கினால் முகவரி எழுதியே ஆக வேண்டும். கேரள முகவரிக்கு, உள்ளூர் விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டால் தப்பான கணக்கில் வரி கட்டியதாகிவிடும்.

ரெகுலருக்குள்ளும் இரண்டு வழி. மாத ரிட்டர்ன் என்றால் 11-ஆம் தேதி விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி. விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறையை எடுக்கலாம். பெரும்பாலான எல்லைக் கடைகளுக்கு என் பரிந்துரை அதுதான். ஆனால் ரிட்டர்ன்தான் மூன்று மாதத்துக்கு ஒன்று, பணம் மாதாமாதம். முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு 18% வட்டி கட்டுகிறவர்கள் அதிகம். உங்களிடம் வாங்குவது பெரும்பாலும் பதிவு பெற்ற கடைகள் என்றால், இன்புட் எங்கே என்று மாதாமாதம் போன் வரும். அவர்களுக்காக அந்த பில்களை மட்டும் 13-ஆம் தேதிக்குள் போர்ட்டலில் ஏற்றலாம். அதற்கும் நேரமில்லாதவர் மாத ரிட்டர்னிலேயே இருக்கட்டும்.

காம்போசிஷனுக்குள் போக முந்தைய மார்ச் 31 கடைசி. வெளியே வர அப்படித் தேதி பார்க்க வேண்டாம். வந்தபின் 30 நாளுக்குள் கையிருப்புச் சரக்கின் இன்புட்டைக் கோரலாம், ஒரு வருஷத்துக்கு உட்பட்ட கொள்முதல் பில் இருந்தால். அந்தப் பாத்திரக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அண்ணாச்சி சருவத்தையும் குத்துவிளக்கையும் எண்ணிச் சொல்லச் சொல்ல, நான் பில்லோடு ஒத்துப் பார்த்து எழுதினேன். பில் இல்லாமல் வாங்கிய சரக்கு ஒரு அலமாரி நிறைய இருந்தது. அதற்கு எதுவும் எழுத முடியவில்லை.