தீ விபத்துக்குப் பின் நான் பெற்ற மனச் சிகிச்சை: மூன்று ஆண்டுகள் கழித்து

2022ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை, சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் உளவியலாளரிடம் பதினான்கு அமர்வுகள் சென்றேன். மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று சுருக்கிச் சொல்லும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கான சிகிச்சை அது. முடிந்த கையோடு எழுதியிருந்தால் நன்றிக் கடிதமாகத்தான் வந்திருக்கும். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை இப்போதுதான் ஓரளவு நிதானமாகச் சொல்ல முடிகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணியளவில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் இரண்டு வீடு தள்ளி, இரவு முழுவதும் மின்னேற்றத்தில் விடப்பட்டிருந்த மின்ஸ்கூட்டரின் பேட்டரி தீப்பிடித்தது. பிள்ளைகள் இருவரையும் அம்மாவையும் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கிவிட்டு மீண்டும் மேலே ஓடினேன். பேரன் இரவு வேலைக்குப் போயிருந்ததால் அந்த வீட்டில் தனியாக இருந்த சீன மூதாட்டி, இருபது ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் 'ஆன்ட்டி'யாக இருந்தவர், பூட்டிய இரும்புக் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். கேட்டில் கை வைக்க முடியவில்லை. தீயணைக்கும் குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் காலமானார்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நான் இதற்கென்று உரிய சிகிச்சையை நாடவில்லை. நாடாததற்குக் காரணம், நான் நன்றாகச் சமாளிக்கிறேன் என்று மனதார நம்பியதுதான். மின்தூக்கிக்கு மறுபக்க வழியாகப் போனால் அந்த வீட்டைக் கடக்க வேண்டியதில்லை. படுக்கும் முன் எல்லாச் சுவிட்சுகளையும் மூன்று முறை பார்த்தால் தூக்கம் வரும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், இறந்தவர்களுக்காகச் சீனர்கள் புளோக்கின் கீழே இரும்புத் தொட்டிகளில் காகிதம் எரிக்கும் வாரங்களில் உட்லண்ட்சில் உள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டால் புகை வாடை இல்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதிக்கு ஆண்டுதோறும் போகும் குடும்பம் எங்களுடையது. அந்த ஆண்டு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லித் தட்டிக்கழித்தேன். இவை ஒவ்வொன்றையும் முன்யோசனை என்றே எண்ணினேன். இவைதாம் நோயை வளர்த்தன என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

அம்மா தம் பங்குக்கு சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், பயந்த பிள்ளைக்குச் செய்வதைப் போல வேப்பிலையும் திருநீறும் வாங்கித் தந்தார். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கலாம் என்று நான் முதலில் சொன்னபோது, "ஊட்பிரிட்ஜுக்கா?" என்று அவர் கேட்ட தொனிதான் என்னை மேலும் நான்கு மாதம் தள்ளிப்போட வைத்தது. மனநல மருத்துவமனைக்கு இருந்த அந்தப் பழைய பெயர் போய் மனநலக் கழகம் என்றாகி எவ்வளவோ காலம் ஆகியும், எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் எடை குறையவில்லை.

இடையில் நான் இழந்த காலத்துக்கு ஒரு தனியார் கிளினிக்கும் பொறுப்பு. தூக்கம் வரவில்லை என்றதும் பென்சோடயாசெபைன் வகைத் தூக்க மாத்திரை தந்தார்கள். என்ன நடந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்நோய்க்கு அவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்குமாறு மருத்துவ வழிகாட்டு நெறிகள் அறிவுறுத்துகின்றன என்பது பின்னால்தான் தெரியவந்தது. குடும்பச் சேவை நிலையத்தில் கிடைத்த ஆலோசனை இலவசம், அன்பானதும்கூட. ஆனால் அங்கும் நான் மாமியாரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசிவிட்டு, தீயைப் பற்றிப் பேசாமலேயே எழுந்து வந்தேன். கடைசியில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் பெற்று மருத்துவமனைக்குப் போனேன். பரிந்துரை வழியாகப் போனால் மானியம் உண்டு, காத்திருப்பும் உண்டு. எனக்கு முதல் சந்திப்பு கிடைக்க ஏழு வாரம் ஆனது. தனியாரில் விசாரித்த இடத்தில் ஓர் அமர்வுக்கு 200 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் சொன்னார்கள்.

முதல் நாளில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை, மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33க்கு மேல் போனால் நோய் இருக்கக்கூடும் என்று மேற்கொண்டு ஆராய்வார்களாம். என் மதிப்பெண் 54. எனக்கு அளிக்கப்பட்ட முறை, அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை நிகழ்காலத்தில் நடப்பதாக மீண்டும் மீண்டும் சொல்லி, அதன் ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்பது. மற்றொன்று, தவிர்த்துவரும் இடங்களையும் பொருள்களையும் பூஜ்யம் முதல் 100 வரை அச்ச அளவிட்டு வரிசைப்படுத்தி, சிறியதிலிருந்து தொடங்கி நேரில் சந்திப்பது.

நான்காம் வாரம் நான் விட்டுவிடத் தீர்மானித்தேன். ஒவ்வோர் அமர்வும் தொண்ணூறு நிமிடம். முடிந்து வெளியே வந்தால் பேருந்து எண்ணைப் படிக்கக்கூடக் கண் ஒத்துழைக்காது. கெட்ட கனவு கூடியது, ஐந்தாம் வாரத்தில் மதிப்பெண் 58 ஆனது. சிகிச்சை என்றால் மனம் லேசாகித் திரும்ப வேண்டும் என்ற என் எதிர்பார்ப்பே பிழை என்று அந்த உளவியலாளர் பொறுமையாக விளக்கினார்: "அமர்வு முடிந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அளக்காதீர்கள்; இந்த வாரம் எந்த வழியாக மின்தூக்கிக்குப் போனீர்கள் என்பதை அளந்து பாருங்கள்."

திருப்பம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது ஏழாம் அமர்வில் நேர்ந்தது. என் உளவியலாளர் சீனர், நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அதுவரை ஆறு முறை கதை சொல்லியும், கேட் அருகே வரும்போது என் குரல் செய்தி வாசிப்பதைப் போலத் தட்டையாகிவிடும். ஆன்ட்டி உதவி கேட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லி நான் கடந்துபோனபோது, "அவர் உண்மையில் என்ன சொல்லால் கூப்பிட்டார்?" என்று உளவியலாளர் கேட்டார். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. அம்மாவும் அவரும் இருபது ஆண்டுகளாகச் சந்தை மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். ஆன்ட்டி கூப்பிட்டது "தோலோங்". மலாயில் உதவி கேட்கவும், 'தயவுசெய்து' என்று சொல்லவும் அதே சொல்தான். உணவங்காடி நிலையத்தில் எங்கள் பக்கத்து மலாய்க் கடையை ஓராண்டாக நான் ஏன் சுற்றிக்கொண்டு போனேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கே விளங்கியது. அங்கே வரிசையில் நிற்பவர்கள் நாளெல்லாம் சொல்லும் சொல் அது. அன்றிலிருந்து அந்தப் பகுதியை எனக்கு வந்த மொழியில், தமிழிலும் மலாயிலுமாகச் சொல்ல அனுமதித்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்காது, ஆனால் பதிவைக் கேட்க வேண்டியவள் நான்தானே. தமிழில் சொன்னபோதுதான், பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடிய அந்தச் சில நிமிடங்களைத் திருட்டுப் போல நான் மறைத்துவைத்திருந்ததும் வெளியே வந்தது. முதலில் கேட்டைத் திறந்திருக்கலாமே என்ற எண்ணத்துக்கு, "அப்போது உங்களிடம் சாவி இருந்ததா?" என்பதைத் தவிர அவர் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. சாவி இல்லை. அதை நான் இருபது முறையாவது என் குரலிலேயே கேட்க வேண்டியிருந்தது.

மனநல மருத்துவர் தந்த செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு எதிர்ப்பு மாத்திரையையும் ஓராண்டு எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் குமட்டல், பிறகு பழகிவிட்டது. நிறுத்தும்போது மருத்துவர் சொன்னபடி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன்.

குறைகளும் உண்டு. தமிழில் இச்சிகிச்சை அளிப்பவர் கிடைப்பாரா என்று கேட்டேன், அங்கே இல்லை. ஆங்கிலம் சரளமாக வராத என் அம்மாவுக்கு இதே உதவி தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அந்த இரவில் அவரும்தான் இருந்தார். அமர்வுகள் வேலை நாள் பகல் நேரத்தில் மட்டுமே கிடைத்ததால் மேலாளரிடம் பல்வலி என்று சொல்லிப் பாதி நாள் விடுப்புகளை எடுத்தேன். அது பிழைதான், ஆனால் அப்போது வேறு துணிவு வரவில்லை.

முடிவில் மதிப்பெண் 19. இவ்வாண்டு நானாக நிரப்பிப் பார்த்தபோது 16. சுவிட்சுகளை இப்போதும் ஒருமுறை பார்க்கிறேன். மின்ஸ்கூட்டரை நடைபாதையில் மின்னேற்றம் செய்பவரைக் கண்டால் சண்டைக்கே போகிறேன், அது நோயின் மிச்சமா நியாயமா என்று பிரித்தறிய நான் முயலவில்லை. மார்ச் மாதம் இன்றும் தூக்கம் கெடும். ஆனால் பதிவைக் கேட்கச் சொன்னால் கேட்க முடியும். காத்திருக்க இயலாத இரவு யாருக்காவது வந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. என் காலத்தில் அது இல்லை.

இந்த ஏழாம் மாதம் நான் உட்லண்ட்சுக்குப் போகவில்லை. கீழே தொட்டியில் காகிதம் எரிந்துகொண்டிருந்தபோது சன்னலைச் சாத்தினேன். காயப்போட்டிருந்த பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளில் சாம்பல் படிந்துகொண்டிருந்தது.