மட்டை ஸ்டிக்கரா, வெறும் மட்டையா, ஃபோமா? கொழும்பு ஈரத்தில் எது நிற்கிறது

அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு வைத்தபோது அல்பம் செய்து தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஸ்டூடியோவில் அச்சடித்துத் தரும் பளபளப்பான அல்பம் ஒன்று எப்படியும் வரும். அதோடு, பிள்ளை வளர்ந்த பிறகு விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி கையால் செய்த ஒன்றும் இருக்கட்டும் என்று ஆசை. ஆவணியில் முடித்துக் கொடுத்தேன். கார்த்திகையில் ஒருநாள் போன் வந்தது. "சித்தி, பூவெல்லாம் கொட்டுண்டு போச்சு."

போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையின் அடியில் மட்டைப் பூக்கள் ஐந்தாறு உதிர்ந்து கிடந்தன. அடுத்த தாளில் ஒட்டிய ஃபோம் வண்ணத்துப்பூச்சிகள் அசையவில்லை. ஆனால் அவற்றுக்கு எதிர்ப்பக்கத்துப் படத்தில், பிள்ளையின் கன்னத்தருகே, வண்ணத்துப்பூச்சியின் உருவிலேயே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முதல் பக்கத்தில் வெறும் மட்டையில் வெட்டி, நான் பெயின்ட் பூசி, பசை தடவி ஒட்டிய பெயர் எழுத்துகள் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஒரே அல்பம், ஒரே அலுமாரி, ஒரே மழைக்காலம். மூன்று வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் சாமான் வாங்கும் முறையே மாறிப்போனது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மட்டைக்கு ஆங்கிலத்தில் சிப்போர்ட் என்று பெயர், ஆனால் அப்படிக் கேட்டால் நம் ஊரில் தளபாடம் செய்கிற பலகையைத்தான் நினைப்பார்கள். புறக்கோட்டையில் ஒரு கடை முதலாளி என்னிடம், "சிப்போர்டா? அது ஹார்ட்வெயார் கடையில மகள், இங்க ஸ்டிக்கர்தான் இரிக்கி" என்றார். நான் தேடிப் போனது அவருடைய ஸ்டிக்கர் கட்டுக்குள்ளேயே இருந்தது. "மட்டை ஸ்டிக்கர்" என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். காகித வேலையில் சிப்போர்ட் என்பது பழைய காகிதக் கூழை அழுத்திச் செய்த தடித்த மட்டை. கொப்பியின் பின்னட்டையும் புதுச் சேட்டுக்குள் மடித்து வைத்து வரும் மட்டையும் இதன் உறவுதான். தடிப்பைப் பொயின்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு பொயின்ட் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆகவே 40 பொயின்ட் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்.

இந்த மட்டையை அச்சடித்து, வெட்டி, பின்னால் பசையும் பூசி விற்பது மட்டை ஸ்டிக்கர். அச்சும் பசையும் இல்லாமல் சாம்பலோ மண்ணிறமோ ஆன மட்டையை வடிவமாக வெட்டி மட்டும் விற்பது வெறும் மட்டை. ஃபோம் ஸ்டிக்கரை எல்லோரும் அறிவோம், பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் பார்த்திருப்போம். எழுத்துப் பக்கெட் வாங்கும்போது கவனம் தேவை. அமெரிக்கன் கிராஃப்ட்ஸ் நிறுவனத்தின் திக்கர்ஸ் என்ற ஒட்டும் எழுத்துகள் மட்டையிலும் வந்திருக்கின்றன, ஃபோமிலும் வைனிலிலும் வந்திருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பக்கெட்டைத் திருப்பி வாசித்துவிட்டு எடுங்கள்.

சரி, பூக்கள் ஏன் உதிர்ந்தன? பசை மோசம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விழுந்த பூ ஒன்றைத் திருப்பி விரலை வைத்தேன், இன்னும் ஒட்டியது. பசை உயிரோடுதான் இருந்தது, மட்டைதான் அசைந்திருக்கிறது. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பகலில் சராசரியாக 70 முதல் 80 வீதம், இரவில் இன்னும் கூடும். புகைப்படங்களைப் பேணுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 30 முதல் 50 வீதம். காகிதம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மெல்லிய தாள் ஒரு விதமாக வளைகிறது, தடித்த மட்டை வேறு விதமாக வளைகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய பசைப் படலம் இரண்டுக்கும் இடையில் இழுபடுகிறது. முதலில் ஓரம் கிளம்பும், பிறகு முழுதாக விட்டுவிடும். அத்தோடு நான் எடுத்த பின்னணித் தாள் புடவைபோல் நெசவு பதித்தது. அதன் மேடுகளில் மட்டும்தான் பசை தொட்டிருக்கிறது, பள்ளங்களைத் தொடவே இல்லை.

இந்த வகைப் பசை அழுத்தத்தால் பிடிப்பது. வைத்தவுடன் பிடித்துவிட்டது போலத் தெரியும், ஆனால் முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதனால் மட்டை ஸ்டிக்கரை வைத்ததும் மேலே ஒரு சுத்தமான தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் ஓரம் ஓரமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தின் மேல் தடித்த அகராதி ஒன்றை வைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். ஒட்டும் முன் பின்பக்கத்தில் அமிலமற்ற டபுள் டேப் ஒரு மெல்லிய துண்டு போட்டுவிட்டால் நான் பிறகு கவலைப்படுவதில்லை. பசையிலும் சாதி உண்டு. ரப்பர் வகைப் பசை வெக்கையில் இளகி ஓரத்தில் கசியும், நாளாக மஞ்சளாகும். அக்ரிலிக் பசை அதைவிட நிதானமானது. பக்கெட்டில் எழுதியிருந்தால் அக்ரிலிக்கையே எடுங்கள். எழுதாவிட்டால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். புதிய பக்கெட்டிலேயே ஓரம் பிசுபிசுவென்று தூசி பிடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, உரிக்கும்போது நடப்பது. பூவின் இதழைப் பிடித்து மேலே இழுத்தால் மட்டை இரண்டு ஏடாகப் பிளந்து, அச்சடித்த மேல் ஏடு மட்டும் கையில் வரும். மழை நாளில் இது அடிக்கடி நடக்கும். பூவை இழுக்காதீர்கள். அடியிலுள்ள மெழுகுத் தாளைப் பின்னோக்கி வளைத்து, பூவிலிருந்து தாளைக் கழற்றுங்கள். பிழையான இடத்தில் ஒட்டிவிட்டால் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் செலுத்தி, வாள் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் தாள் கிழியாமல் எழும்பி வரும். இத்தனை கவனம் கேட்டாலும் நான் மட்டை ஸ்டிக்கரை விடவில்லை. வேலைக்குப் போய் வந்து இரவு ஒன்பது மணிக்கு மேசையில் உட்காருகிறவளுக்கு, வண்ணமும் வடிவமும் பொருந்திய பத்துத் துண்டுகள் ஒரே தாளில் கிடைப்பது பெரிய காரியம்.

ஃபோமுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரைக் குடிக்காது, உப்பாது, பின்னாலுள்ள பசையும் பெரும்பாலும் தடிப்பானது. ஆனால் அதன் உயரம்தான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது தாள், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மட்டை வைத்தால் அல்பம் அந்த இடத்தில் 4 சென்ரிமீற்றர் கூடுகிறது. அதே இடத்தில் 3 மில்லிமீற்றர் ஃபோம் என்றால் 12 சென்ரிமீற்றர். அல்பத்தின் தாள்களைக் கோர்க்கும் 2 அங்குல வளையம் தாங்குவதே 5 சென்ரிமீற்றர்தான். அல்பத்தை மூடி அலுமாரியில் அடுக்கும்போது அந்த அழுத்தமெல்லாம் எதிர்ப்பக்கத்துப் படத்தில் இறங்குகிறது. ஃபோமும் அமுங்கிய இடத்தில் அமுங்கியபடியே நின்றுவிடும், பழைய உயரத்துக்கு வராது. பலூன்போல் ஊதிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர்கள் பலவும் பீ.வீ.சீ. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருட்கள் படத்துக்கு ஆகாது. பிறந்தநாள் வாழ்த்து மட்டைக்கும் சுவரில் மாட்டும் சட்டத்துக்கும் ஃபோம் அழகு. படமிருக்கும் அல்பத்துக்குள் நான் இனி விடமாட்டேன்.

சேட்டு மட்டையையும் கலண்டர் மட்டையையும் வெட்டிச் செய்தால் என்ன என்று கேட்பார்கள். வாழ்த்து மட்டைக்குச் செய்யலாம். அல்பத்துக்கு வேண்டாம், அந்த மட்டையில் அமிலம் இருக்கலாம், அது நாளாகப் படத்தைக் கெடுக்கும். கோதுமை மாப் பசை அறவே வேண்டாம். மாவைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும்.

அமிலத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அம்மாவிடம் எண்பதுகளில் வாங்கிய ஒட்டும் அல்பம் ஒன்று இருக்கிறது, பிசின் கோடு போட்ட பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக்கை மூடுகிற வகை. இன்று அந்தக் கோடுகள் பழுப்பாகிப் படங்களின் முதுகில் ஏறியிருக்கின்றன. கழற்றப் போனால் கிழிகிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு எத்தனையோ குடும்பங்களின் படங்களும் எரிந்தன. பிறகு வடக்கில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தொலைந்தவை எத்தனை. மிஞ்சியிருப்பதில் பலதுக்கும் வேறு பிரதி இல்லை. அப்படிப்பட்ட ஒரு படத்துக்குப் பக்கத்தில் எந்த மட்டை என்று தெரியாத ஒன்றை எப்படி வைப்பது? அமிலமற்றது என்பது ஒன்று, லிக்னின், அதாவது மரத்தில் இயல்பாக இருக்கும் பொருள், அற்றது என்பது வேறொன்று. முதலாவது மட்டும் எழுதியிருந்தால், நாளாக லிக்னின் சிதைந்து மீண்டும் அமிலம் ஊற இடமுண்டு. படத்தோடு சேர்த்து வைக்கும் பொருட்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தரமுறை இருக்கிறது. அதில் தேறியதாகப் பக்கெட்டில் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் மட்டை படத்தைத் தொடவே கூடாது. படத்தைச் சுற்றி அமிலமற்ற தாளில் ஒரு விரற்கடை ஓரம் விட்டு, அதற்கு வெளியே அலங்காரத்தை வையுங்கள்.

இனி வெறும் மட்டை. மூன்றிலும் இதைத்தான் நான் மனதாரச் சிபாரிசு செய்வேன், ஆனால் நேரம் உள்ளவர்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் பூசினால் மட்டை வளைந்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் வெட்டிய ஓரமும் மெல்லிதாகப் பூச வேண்டும். ஈரம் உள்ளே நுழையும் வழியே அந்த ஓரம்தான். என் எழுத்துகள் மழையைத் தாங்கியதன் இரகசியம் இவ்வளவே. காய்ந்ததும் வெள்ளைப் பசையை, நம் ஊரில் பைண்டர் கம் என்று கேட்பதை, மிக மெல்லிதாகத் தடவி, பாரம் வைத்து ஓர் இரவு விட வேண்டும். கூடப் பூசினால் தாள் நெளியும். ஐப்பசி மழையில் ஓர் எழுத்து காய ஒரு பகல் போய்விடும். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள் என்கிறவர்களுக்கு இது சரிவராது.

விலையும் ஒரு காரணம். 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தபோது, மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சையே காகிதம் இல்லாமல் தள்ளிப்போன நாட்களில், இறக்குமதி ஸ்டிக்கர் தாள்களின் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் மலிபன் வீதியில் மட்டையைத் தாளாக வாங்கி, லேசர் வெட்டுகிற இடத்தில் கொடுத்து எழுத்து வெட்டுவிக்கத் தொடங்கினேன்.

அப்போது ஒரு பெரிய திருப்தி கிடைத்தது. ஆங்கில எழுத்துப் பக்கெட்டில் நம் பெயர்கள் எழுதினால் எப்போதும் 'ஏ' தீர்ந்துபோகும். 'சரஸ்வதி' என்ற ஒரு பெயருக்கே மூன்று வேண்டும். 'ஈ' மட்டும் பக்கெட்டின் அடியில் குவிந்து கிடக்கும். தமிழ் எழுத்துப் பக்கெட்டோ கடையில் நான் கண்டதே இல்லை. லேசரில் வெட்டினால் நம் எழுத்தே வரும். கோடு 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடித்த எழுத்துருவைக் கொடுங்கள், மெல்லியதென்றால் சுழி முறியும். வெட்டிய ஓரத்தில் கரி இருக்கும், பழைய துணியால் துடைத்துவிட்டுத்தான் வெள்ளைப் பெயின்ட் தொட வேண்டும். புள்ளி தனித் துண்டாக விழும், முதலில் தொலைவதும் அதுதான். வெட்டுகிறவரிடம், உள்ளே விழுகிற துண்டுகளையும் ஒரு கவரில் போட்டுத் தாருங்கள் என்று சொல்லி வாங்குங்கள்.

இப்போது அம்மாவின் படங்களுக்கு அல்பம் செய்துகொண்டிருக்கிறேன். உள்பக்கங்களில் மட்டை ஸ்டிக்கர் இலைகள், பக்கத்துக்கு இரண்டுதான், ஒவ்வொன்றுக்கும் அடியில் டபுள் டேப், எதிர்ப்பக்கத்துப் படத்தின் மேல் படாதபடி ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளி. பித்தளைநிறக் கொளுக்கிகளை இம்முறை சேர்க்கவில்லை. எங்கள் வீடு காலி வீதிக்குக் கடல் பக்கம், உப்புக் காற்றில் துரு பிடித்துவிடும். முன்பக்கத்துக்கு வெறும் மட்டையில் 'இணுவில்' என்று யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயரை வெட்டினேன். கவரைக் கவிழ்த்துப் பார்த்தால் 'ல்' எழுத்தின் புள்ளியைக் காணவில்லை. 'ணு'வின் சுழிக்குள்ளிருந்து விழுந்த வட்டத் துண்டு ஒன்று கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் பெயின்ட் பூசி, ஓரமும் பூசி, காயவைத்து, 'ல'வின் தலைக்கு மேல் வைத்து அழுத்தினேன். அகராதி இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது.