நாம்பனை அடித்துப் பழக்குவதா, தடவிப் பழக்குவதா?

கட்டாக்காலியாக, அதாவது கட்டிப்போடாமல் திரிந்து மேய்ந்து வளர்ந்த நாம்பனை (இளங்காளையை) வண்டிக்குப் பழக்க இலங்கையின் வடக்கே வன்னியில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மரத்தோடு இறுக்கிக் கட்டி, களைக்கும்வரை திமிறவிட்டு, கம்பால் பணியவைப்பது. சில நாளில் வேலை முடிந்துவிடும். என் பெரியப்பா அப்படித்தான் செய்தார். மாடு நுகத்துக்கு வந்தது. ஆனால் கம்பைக் கண்டால் மட்டும்தான் நடந்தது. கம்பில்லாத என்னை வேலியோடு சாத்தியது தனிக்கதை.

மற்றது பொறுமை வழி. மாடும் சரி, நெடுந்தீவில் கட்டில்லாமல் திரியும் குதிரையும் சரி, வேட்டையாடப்படும் இனம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மாட்டுக்கு 300 பாகைக்கு மேல் தெரியும். நேர் பின்புறம் தெரியாது. அங்கிருந்து போனால் உதைதான். குதிரை பெரும்பாலும் நேர் பின்னால் உதைக்கும், மாடு பக்கவாட்டிலும் வீசும். ஆகவே தோள் பக்கமாக, குரல் கொடுத்தபடி போக வேண்டும். தலையைத் தூக்கிக் காதை விறைத்தால் அப்படியே நில்லுங்கள். தலை தாழ்ந்ததும் ஓரடி பின்வாங்குங்கள். கயிற்றிலும் அதே கணக்கு: மெதுவாக இழுத்து, அது ஓரடி வைத்த அந்தக் கணமே தளர்த்த வேண்டும். பிந்தித் தளர்த்தினால் எதற்காக என்று மாட்டுக்குப் புரியாது. அப்புறம் ஒரு பிடி தவிடு, கழுத்தடியில் சொறிதல்.

இதற்கு வாரக்கணக்கில் நாள் போகும். விதைப்பு நெருங்கும் நேரத்தில் தொடங்கினால் சரிவராது. எனக்கென்றால் இரண்டாவதுதான், வீட்டில் பிள்ளைகள் கயிற்றைப் பிடிக்கிறார்கள்.